டஸ்டர் கேட்காத சனிக்கிழமை

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் விடுமுறை முடிந்து மிக்ஸியோடு விடுதிக்குத் திரும்பியவள் இந்தப் பல்கலைக்கழகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மிக்ஸி பக்கத்து வீட்டுச் சொர்ணத்தக்காவுடையது. மாட்டுப் பொங்கலன்று வடைக்கு அரைக்கும்போது நின்றுவிட்டதாம். துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிட்டாள்.

“ஏட்டி முப்பிடாதி, ஒங்கப்பா பஸ்ஸு பூரா சொல்லுதாரு, எம் மவ கரண்டு படிக்கான்னு. இத என்னன்னு பாரேன்.”

அப்பா மினி பஸ்ஸில் நடத்துநர். அவர் வாயில் விசில் இல்லாத நேரமெல்லாம் என் படிப்புதான் இருக்கும். நான் படிப்பது எம்.எஸ்ஸி. இயற்பியல், கடைசி ஆண்டு. மிக்ஸியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “சரிக்கா” என்று வந்தது.

ரிஸ்வானா பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கட்டிலில் விழுந்து சிரித்தாள். அவள் என் அறைத்தோழி, கடையநல்லூர்க்காரி, தாவரவியல். “ஒரு ‘தெரியாது’ சொல்ல வாய் வராம, ஒரு மிக்ஸியத் தூக்கிட்டு வந்திருக்க!” என்றாள்.

மிக்ஸி இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

சனிக்கிழமைக் கருத்தரங்குக்குத் தலைப்பு எடுத்தோம். சாக்பீஸ் பெட்டியில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவது எங்கள் துறை வழக்கம். எனக்கு வந்த சீட்டு: “எலக்ட்ரோவீக் கோட்பாட்டில் மின்னூட்டம் எப்படிப் பிறக்கிறது?”

அப்பா சொன்னது பலித்துவிட்டது. கரண்டுதான் படிக்கப் போகிறேன்.

என் முறை பிப்ரவரி 21. ஒவ்வொருவரும் முக்கால் மணி நேரம் பேச வேண்டும். கையில் குறிப்பு கூடாது, சாக்பீஸ் மட்டும். போன பருவத்தில் என் முறை வந்தபோது தலைப்பைப் பலகையில் எழுதினேன். பிறகு நின்றேன். இன்னும் கொஞ்சம் நின்றேன். பிறகு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

இந்தப் பருவத்தில் மறுபடி ஒரு வாய்ப்பு. இதிலும் நின்றால் அந்தத் தாள் அரியர். வகுப்போடு சேர்ந்து பட்டம் வாங்க முடியாது.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை. பட்டமளிப்பு விழா நாளுக்கு அவர் மினி பஸ்ஸையே கேட்டு வைத்திருக்கிறார். முதலாளியும் சரி என்றுவிட்டார். தெருவில் யாருக்கு எந்த சீட் என்பதுவரை பேசி முடித்தாயிற்று. என் பி.எஸ்ஸி. பட்டம் தபாலில் வந்ததால் இந்தத் தடவை விடுவதில்லை என்று இருக்கிறார். மேடை ஏறப் பயந்து அந்த விழாவுக்கே போகாதவள் யார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 24, சனி

இன்று ஜெப்ரின் பேசினான். நாகர்கோவில் பக்கம். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. மூன்று தடவை தப்பு செய்தான், மூன்று தடவையும் கவலையே படவில்லை.

எங்கள் துறையில் டஸ்டர் பலகைக்குப் பக்கத்தில் இருக்காது. பேராசிரியர் கோமதிநாயகம் சாரின் மேசையில், அவருடைய டீ டம்ளருக்குப் பக்கத்தில் இருக்கும். எதையாவது அழிக்க வேண்டுமென்றால், செய்த தப்பு என்னவென்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். “தப்ப நைசா அழிச்சிட்டுப் போனா அது ஒன்கூடவே வரும்” என்பார்.

ஜெப்ரின் டஸ்டர் கேட்பதே ஒரு கச்சேரி. “சார், மைனஸ முழுங்கிட்டேன் சார். டஸ்டர்!” வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.

போன பருவத்தில் எனக்கு டஸ்டர் தேவைப்படவில்லை. அழிக்க எதுவும் எழுதவில்லையே.

ஜனவரி 27, செவ்வாய்

நூலகத்தில் மாலைவரை இருந்தேன். துணி ஊறப்போட்டது மறந்தே போயிற்று.

எலக்ட்ரானின் மின்னூட்டம் மைனஸ் ஒன்று என்று பள்ளிக்கூடத்திலிருந்தே படிக்கிறோம். பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல் மாதிரி, பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்தது என்று நினைத்திருந்தேன். இந்தக் கோட்பாட்டின் தொடக்கத்தில் அந்த மைனஸ் ஒன்று எங்குமே இல்லை!

இருப்பது வேறு இரண்டு எண்கள். துகள்கள் மேல் வரி, கீழ் வரி என்று ஜோடியாக நிற்கின்றன. மேலே நியூட்ரினோ, கீழே எலக்ட்ரான். T3 என்ற எண் யார் எந்த வரி என்று சொல்கிறது: மேலே என்றால் அரை, கீழே என்றால் மைனஸ் அரை. Y என்ற எண் ஜோடிக்கே பொது. அதற்கு ஹைப்பர்சார்ஜ் என்று பெயர்.

அப்புறம் ஹிக்ஸ் புலம். அது வெளியெங்கும் நிரம்பியிருக்கிறது. அதற்கும் இரண்டு வரிகள், Y அரை. ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில்கூட அதன் ஒரு வரி பூஜ்யமாக இருப்பதில்லை, v என்ற மதிப்போடு நிற்கிறது. புத்தகத்தில் அந்த v கீழ் வரியில் இருக்கிறது. T3, Y இரண்டும் வெறும் எண்கள் இல்லை, புலத்தை எவ்வளவு திருப்புவது என்பதற்கான அளவுகளும்கூட. T3 தனியாக அதைத் திருப்பினால் அது மாறிவிடும். Y தனியாகத் திருப்பினாலும் மாறிவிடும். ஆனால் இரண்டும் ஒன்றாகத் திருப்பினால், ஒன்று இந்தப் பக்கம் அரை, மற்றது அந்தப் பக்கம் அரை. v இருந்த இடத்திலேயே இருக்கும்.

வெற்றிடம் கண்டுகொள்ளாமல் விடுகிற அந்த ஒரே சேர்க்கை, T3 + Y. அதுதான் மின்னூட்டம். அந்தச் சேர்க்கைக்குரிய விசைத்துகள்தான் ஒளித்துகள், அதற்கு நிறை இல்லை. வெற்றிடத்தில் மாட்டிக்கொண்ட மற்ற மூன்று விசைத்துகள்களுக்கும் நிறை வந்துவிடுகிறது. அதனால்தான் வெளிச்சம் இவ்வளவு தூரம் வருகிறது, அவற்றால் அணுக்கருவைத் தாண்டவே முடிவதில்லை.

படித்து முடித்துத் தலையைத் தூக்கியபோது நூலகத்தின் டியூப்லைட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். எதிரே இருந்த வரலாற்றுத் துறைப் பையன் இடம் மாறி உட்கார்ந்தான்.

பிப்ரவரி 2, திங்கள்

பெரும் சங்கடம். இன்று கணக்குப் போட்டதில் எலக்ட்ரானின் மின்னூட்டம் மைனஸ் ஒன்றரை வந்தது. நியூட்ரினோவுக்கு மைனஸ் அரை. அதற்கு ஒன்றுமே இருக்கக் கூடாது.

சாப்பிடப் போகவில்லை. ரிஸ்வானா தட்டில் இட்லி கொண்டுவந்து வைத்து, “யாரு செத்துட்டா?” என்று கேட்டாள்.

இட்லி சாப்பிட்டபின் தெரிந்தது. இரண்டு புத்தகங்களிலிருந்து எடுத்திருக்கிறேன். ஒன்றில் Y-யைப் பாதியாக்கிக் கூட்டுகிறார்கள், இன்னொன்றில் முதலிலேயே பாதியாக்கி வைத்துவிடுகிறார்கள். நான் முதல் புத்தகத்தின் Y-யை இரண்டாம் புத்தகத்தின் சூத்திரத்தில் போட்டிருக்கிறேன். இனி இரண்டாம் புத்தகம் மட்டும்தான்.

பிப்ரவரி 5, வியாழன்

மின்னூட்டம் சரியாகிவிட்டது. இனி வாய்தான் சரியாக வேண்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ரிஸ்வானாவை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். ஆரம்பித்த உடனேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

“ஹிக்ஸு, கிக்ஸுன்னு ஓட்டாத. எனக்கு வெளங்குதாப்புல சொல்லு.”

அவள் கையில் மெஸ்ஸிலிருந்து வாங்கிவந்த சப்பாத்திக் கட்டை இருந்தது. (எதற்கு வாங்கிவந்தாள் என்று கேட்டேன். “பல்லி” என்றாள்.) அதை வாங்கி நிமிர்த்திப் பிடித்தேன்.

“இத இப்படியே உருட்டுதேன். ஏதாவது மாறின மாதிரி தெரியுதா?”

“இல்ல.”

“சாய்ச்சா?”

“சாஞ்சிட்டு.”

“அவ்வளவுதான். எப்படித் திருப்பினாலும் தெரிஞ்சிரும், இந்த ஒரு உருட்டு மட்டும் தெரியாது. கட்டைதான் வெற்றிடத்துல நிக்கிற ஹிக்ஸ். தெரியாமப் போற அந்த உருட்டுதான் மின்னூட்டம்.”

ரிஸ்வானா கட்டையை வாங்கித் தானே உருட்டிப் பார்த்தாள். “இத மட்டும் சொல்லிட்டு எறங்கிரு. பாஸ்” என்றாள்.

பிறகு அறையைப் பெருக்கினோம். கட்டிலுக்கு அடியிலிருந்து மிக்ஸியை வெளியே இழுத்தவள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அடிப்பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அம்மி இருந்தது, மிக்ஸி இருந்ததில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

“பாரம் கூடினா இது டக்குன்னு வெளிய வந்துரும். அமுக்கினாப் போதும். எங்க உம்மா வாரத்துக்கு ஒரு தடவ அமுக்குவாங்க.”

அமுக்கி, பிளக்கைச் சொருகினோம். விடுதியே அதிரும்படி உறுமியது. அறைகளில் மின்சாதனம் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. வார்டன் வராந்தாவில் நின்று “என்ன சத்தம்?” என்றார். “இருமல் மேடம்!” என்று கத்தினாள் ரிஸ்வானா.

பிப்ரவரி 14, சனி

துணி துவைத்தேன். தலைக்குக் குளித்தேன். வகுப்பின் வாட்ஸப் குழுவில் நான்கு பேர் சந்தேகம் கேட்டிருந்தார்கள், பதில் தட்டிப் போட்டேன். தினமும் இருப்பதுதான். “பரீட்சை நேரத்துல ஒங்க வகுப்பே ஒன் கட்டை விரல்லதான் ஓடுது. எழுதச் சொன்னா வாத்திச்சி. பேசச் சொன்னா பொம்மை” என்கிறாள் ரிஸ்வானா. சும்மா சொல்கிறாள்.

ஜெப்ரின் தனியாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தான்: “v ஏன் கீழ் வரியில்? மேல் வரியில் போட்டால் என்ன?”

“மேலே போட்டால் வெற்றிடத்துக்கே மின்னூட்டம் வந்துவிடும். அது நடக்காது. அதனால் கீழே” என்று அனுப்பினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினான்.

நான் அனுப்பிய பதில் எனக்கே சரியாகப் படவில்லை. எங்கே சரியில்லை என்று தெரியவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

அப்பா ஃபோன் செய்தார். பின்னால் பஸ் சத்தம்.

“முப்பி, நாளைக்கு என்னமோ பேசணும்னியே, கரண்டப் பத்தியா?”

“ஆமாப்பா.”

“தைரியமாப் பேசு. அவுங்களுக்கும் தெரியணும்லா.”

அவர் சொல்வது, பேராசிரியர்களுக்குக் கரண்டைப் பற்றித் தெரிய வேண்டாமா என்று. எனக்கு ஒரே சிரிப்பு. ஃபோனை வைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

பிப்ரவரி 21, சனி, மாலை

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

தலைப்பைப் பலகையில் எழுதினேன். திரும்பினேன். போன தடவை நின்ற அதே இடம். அதே மின்விசிறிச் சத்தம். முதல் பெஞ்சில் கோமதிநாயகம் சார் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். கையிலிருந்த சாக்பீஸை உருட்டத் தொடங்கினேன்.

அப்போதுதான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். தாவரவியல் துறைக்காரி ரிஸ்வானா, யாரும் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தோள்பையிலிருந்து சப்பாத்திக் கட்டையின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தட்டிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு முதல் வாக்கியமும் வெளியே வந்துவிட்டது.

பிறகு ஓடியது. T3, Y, ஜோடிகள், எல்லாம். ஹிக்ஸுக்கு வந்தேன். “ஒரு வரியில் v, இன்னொரு வரியில் பூஜ்யம்” என்று சொன்னேன். சொன்ன வரிசையிலேயே கை எழுதிவிட்டது. v மேலே, பூஜ்யம் கீழே.

ஜெப்ரின் கையைத் தூக்கினான். இன்றும் அந்தப் பச்சைக் கட்டச் சட்டை.

“ஒரு சந்தேகமாக்கும். v மேல நிக்குது. T3 அரை, Y அரை, கூட்டினா ஒண்ணு. அப்போ வெற்றிடத்துக்கே சார்ஜ் வந்தாச்சு, ஒளித்துகளுக்கு நிறையும் வந்தாச்சு. பின்ன இந்த டியூப்லைட்டு வெளிச்சம் எப்படி இங்க வருது?”

வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. சார் டஸ்டரைத் தூக்கிக் காட்டினார்.

“வேணுமாம்மா? என்ன தப்புன்னு சொல்லிட்டு வாங்கிக்கோ.”

கேட்டிருக்கலாம். v கீழே இருக்க வேண்டும் சார், அவ்வளவுதான். ஆனால் என் தப்பு இது என்று எல்லோர் முன்னாலும் சொல்வதற்கு வாய் வரவில்லை. அரியர், தபாலில் வரும் பட்டம், புறப்படாத மினி பஸ் எல்லாம் கண்ணில் தெரிந்தன.

பதற்றம் வந்தால் கையில் கிடைப்பதை உருட்டுவேன். சாக்பீஸை விரல்களுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தேன். அது நழுவி, உள்ளங்கையில் படுத்தது. விரல் நிற்கவில்லை. படுத்த சாக்பீஸும் உருண்டது. உருண்டும் மாறாமல் இருந்தது.

நின்றாலும் ஒரு உருட்டு மிஞ்சுகிறது. படுத்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. அதே உருட்டு இல்லை, ஆனால் ஒன்று மிஞ்சுகிறது!

“வேண்டாம் சார்” என்றேன்.

“எதும்மா வேண்டாம்?”

“டஸ்டர். v மேலேயே இருக்கட்டும்.”

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

ஜெப்ரினைப் பார்த்துக் கேட்டேன். “கூட்டணும்னு யார் சொன்னா?”

“நீதான சொன்ன?”

“அது v கீழ இருந்தப்ப. அப்ப வெற்றிடத்துக்குத் தெரியாமப் போனது கூட்டல். இப்ப v மேல. T3-யும் Y-யும் ஒரே பக்கமாத் திருப்புது. சேத்துத் திருப்பினா மாறிரும். ஒண்ணுலேருந்து ஒண்ணக் கழிச்சாத்தான் மாறாது.” பலகையில் Y − T3 என்று எழுதினேன். “அரை, மைனஸ் அரை. பூஜ்யம். வெற்றிடத்துக்கு சார்ஜ் இல்ல. ஒளித்துகளுக்கு நிறை இல்ல. டியூப்லைட் வெளிச்சம் வரும்.”

“எலக்ட்ரானுக்கு?”

பக்கத்திலேயே போட்டேன். அந்த ஜோடிக்கு Y மைனஸ் அரை. மேல் வரியில் மைனஸ் அரையிலிருந்து அரையைக் கழித்தால் மைனஸ் ஒன்று. கீழ் வரியில் பூஜ்யம்.

“அய்யோ, நியூட்ரினோக்கு மைனஸ் ஒண்ணு வந்துட்டு!” என்றான் ஜெப்ரின்.

“அத நியூட்ரினோன்னு சொன்னது நாமதான? மைனஸ் ஒண்ணு யாருக்கு இருக்கோ அதுதான் எலக்ட்ரான். அது இப்ப மாடியில குடியிருக்கு. வாசல்ல பேர்ப் பலகைய மாத்தி மாட்டணும், அவ்வளவுதான்.”

இப்போது சிரித்தார்கள். நான் சொன்னதற்குச் சிரித்தார்கள்.

சார் சிரிக்கவில்லை. “எலக்ட்ரானுக்கு இடக்கை, வலக்கைன்னு ரெண்டு பாதி. நீ சொன்ன ஜோடியில நிக்கிறது இடக்கை மட்டும்தான். வலக்கைப் பாதி ஜோடியில்லாமத் தனியா நிக்குமே. மேல் வரியும் இல்ல, கீழ் வரியும் இல்ல. அங்க எந்தப் பலகைய மாத்துவே?”

எனக்குத் தெரியாது. இதுவரை போட்டுப் பார்த்ததில்லை. அதற்கு T3 பூஜ்யம், Y மைனஸ் ஒன்று. இங்கே மைனஸ் ஒன்றைத் தவிர வேறு ஏதாவது வந்தால் நான் சொன்னது மொத்தமும் பொய். மெதுவாக எழுதினேன். மைனஸ் ஒன்றிலிருந்து பூஜ்யம் போனால்...

“மைனஸ் ஒண்ணு சார்! அதே மைனஸ் ஒண்ணு!” கத்திவிட்டேன். என் குரல் பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும்.

“அப்போ முடிவா என்ன சொல்லுதே?”

“மின்னூட்டம்னு ஒண்ணு முன்னாடியே இருந்து, அதுக்குப் பயந்து v கீழ போகல சார். v எங்க வேணா நிக்கட்டும். அது எதக் கண்டுக்காம விடுதோ, அதுக்குத்தான் நாம மின்னூட்டம்னு பேர் வைக்கோம்.” ஜெப்ரின் பக்கம் திரும்பினேன். “நான் வாட்ஸப்ல ஒனக்கு அனுப்பின பதில் தப்பு.”

தப்பு என்ற சொல்லை இவ்வளவு எளிதாகச் சொல்லலாம் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். “போன பருவத்துல பேசாம விட்ட நேரத்தையும் சேத்துப் பேசிட்டே. தேறிட்டம்மா, போ. இப்பவாவது டஸ்டர் வேணுமா?”

“இப்ப வேணும் சார்.”

வாங்கி அழித்தேன். v-ஐக் கடைசியாக அழித்தேன்.

வெளியே ரிஸ்வானா கோபமாக இருந்தாள். “கட்டைய எடுக்கவே விடலியே நீ!” அதற்குள் ஜெப்ரின் வந்து, “கட்டையா? எதுக்கு?” என்றான். “ஒன்ன மாதிரி சந்தேகம் கேக்கவங்களுக்கு” என்றாள். மூன்று பேரும் கேன்டீனுக்குப் போனோம். நான்தான் போகலாம் என்று சொன்னேன் என்கிறார்கள். அப்படியும் இருக்கலாம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மிக்ஸியோடு ஊருக்கு வந்தேன். கயத்தாற்றில் இறங்கி அப்பாவின் பஸ்ஸில் ஏறினேன். சந்தைக்கு வந்துவிட்டுத் திரும்பும் சொர்ணத்தக்கா ஒரு கட்டு முருங்கைக்காயோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தாள்.

“சரி பண்ணிட்டியாட்டி! பாத்தியளா, நாஞ் சொல்லல?” என்று பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தாள்.

“நான் சரி பண்ணலக்கா. அடியில ஒரு செவப்புப் பொத்தான், அத அமுக்கணும். கண்டுபிடிச்சது என் ஃப்ரெண்டு. எனக்கு மிக்ஸி பத்தி ஒண்ணும் தெரியாது.”

“தெரியாதா?”

“தெரியாது.”

“பின்ன என்னதாம்ட்டி படிக்க, இத்தன வருசமா?”

அவள் மடியிலிருந்து ஒரு முருங்கைக்காயை உருவினேன். நிமிர்த்திப் பிடித்தேன், உருட்டினேன், சாய்த்தேன், படுக்கவைத்து மறுபடி உருட்டினேன். நேற்று v-ஐ மேலே எழுதிவிட்டு நின்றதைச் சொன்னேன், எலக்ட்ரானை மாடிக்கு அனுப்பினேன். முன்சீட்டுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். ஒரு பெரியவர், “அந்த மாடி வீட்டு விசயத்த இன்னொரு தடவ சொல்லும்மா” என்றார். சொன்னேன், சத்தமாக, பின்சீட்டுக்கும் கேட்கும்படி.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயில் விசில் இருந்தது. ஊதவில்லை. விசில் வராததால் ஓட்டுநரும் நிறுத்தவில்லை. எங்கள் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. ஆலமரம் வந்தபிறகுதான் யாரோ “ஏ, நிப்பாட்டுய்யா!” என்று கத்தினார்கள்.

நானும் சொர்ணத்தக்காவும் இறங்கினோம். படியில் நின்றபடி அப்பா குனிந்து கேட்டார்.

“அப்ப நீ அத மேல எழுதினது தப்பில்லியா?”

“இல்லப்பா.”

“தப்பில்லியாம்!” என்று உள்ளே திரும்பிச் சொல்லிவிட்டு நீளமாக ஒரு விசில் ஊதினார். பஸ் கிளம்பியது.

வந்த வழியே திரும்பி நடந்தோம். மிக்ஸி என் தலையில். சொர்ணத்தக்கா ஒரு முருங்கைக்காயை விரலுக்குள் வைத்து உருட்டிக்கொண்டே வந்தாள்.

“நீ பட்டம் வாங்குத அன்னிக்கு எனக்கு ஜன்னலோர சீட்டுன்னு ஒங்கப்பா சொல்லியிருக்காரு. நீ மேடையில ஏறும்போது நான் கீழ இருந்து கொலவை போடுவேன். வெக்கப்பட்டு ஓடிராத.”

“சரிக்கா” என்றேன்.